மாதவிடாய் நாள் தவறுகிறதா? 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடலாமா?

எந்த நோய்க்காகக் கிளினிக்குக்குப் போனாலும் பெண்களிடம் மருத்துவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது?" வயிற்றுவலிக்குப் போனவரும் பதில் சொல்ல வேண்டும், தலைச்சுற்றலுக்குப் போனவரும் பதில் சொல்ல வேண்டும். கர்ப்பமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு காரணம்தான். அந்தத் தேதியில் அதைவிடக் கூடுதலான தகவல் இருக்கிறது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போல மாதவிடாய்ச் சுழற்சியையும் இளம்பெண்களின் உடல்நிலையைக் காட்டும் ஓர் அடிப்படை அளவாகக் கருத வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் அமைப்பு 2015-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களுக்கு ஆலோசனை கூறியிருக்கிறது.

நம் வீடுகளில் நடப்பது வேறு. பெண் வயதுக்கு வந்தால் மண்டபம் எடுத்து, உறவையெல்லாம் கூட்டி, மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்க ஆளில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்று அவளே சொன்னாலும், "எனக்கும் அப்படித்தான் இருந்தது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்ற பதில் வருகிறது. கல்யாணம் முடிந்ததும் "ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். 15 வயதில் தொடங்கிய பிரச்சினைக்கு 28 வயதில், அதுவும் பிள்ளை தங்கவில்லை என்ற கவலையில்தான் முதன்முதலாக மருத்துவரைப் பார்க்கிறார்கள். இடையில் கழிந்த ஆண்டுகளில் உடலுக்குள் என்ன நடந்தது என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

எத்தனை நாள் சரி?

முதலில் எண்ணும் முறை. இரத்தப்போக்கு தொடங்கும் நாளே முதல் நாள். அன்றிலிருந்து அடுத்த மாதவிடாய் தொடங்குவதற்கு முந்தைய நாள்வரை எண்ண வேண்டும். குளித்து முடித்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நம்மில் அதிகம். அப்படி எண்ணினால் ஐந்தாறு நாள் கணக்குப் பிசகும்.

28 நாளுக்கு ஒருமுறை வந்தால்தான் சரி என்பதும் உண்மையில்லை. ஒரு கைத்தொலைபேசிச் செயலியில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், சரியாக 28 நாள் நீடித்தவை ஏறக்குறைய 13 விழுக்காடு மட்டுமே. வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாள்வரை இயல்பு. மாதத்துக்கு மாதம் சில நாள் முன்பின் ஆவதும் இயல்பு. இரத்தப்போக்கு 8 நாளுக்குள் நின்றுவிட வேண்டும்.

வயதுக்கு வந்த முதல் ஆண்டில் தாறுமாறாக வருவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான தொடர்பு படிய நாளாகும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 21 முதல் 45 நாள்வரை இருக்கலாம். மூன்று ஆண்டுகள் முடிந்த பிறகும் 35 நாளைத் தாண்டிக்கொண்டே போனால், அல்லது ஓர் ஆண்டில் 8 முறைக்கும் குறைவாக வந்தால், பார்க்க வேண்டும். முதல் ஆண்டுக்குப் பிறகு ஒரே ஒரு முறை 90 நாள் இடைவெளி விழுந்தாலும் பார்க்க வேண்டும். 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை என்றால் 18 வரை பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான். சினைமுட்டை வெளிவருகிறதா? மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்குக் கட்டளை அனுப்புகிறது. சினைப்பையில் ஒரு முட்டை முதிர்கிறது, அப்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வை வளர்க்கிறது. முட்டை வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சுரந்து அந்தச் சவ்வைப் பக்குவப்படுத்துகிறது. கரு உண்டாகவில்லை என்றால் சுமார் இரண்டு வாரத்தில் புரோஜெஸ்டிரோன் இறங்க, சவ்வு உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறுகிறது. முட்டை வெளிவந்த பிறகான இந்த இரண்டு வாரம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே, சுழற்சி 50 நாள், 60 நாள் என்று நீண்டால் முட்டை முதிர்வது தாமதமாகிறது, அல்லது முதிரவே இல்லை என்று பொருள். ஏன் முதிரவில்லை என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

'நீர்க்கட்டி' என்ற பெயர் செய்த குழப்பம்

மாதவிடாய் தள்ளிப்போவதற்கு மிகப் பெரிய காரணம், கர்ப்பத்தை விட்டுவிட்டால், பிசிஓஎஸ். தமிழில் சினைப்பை நீர்க்கட்டி என்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. அவர்களில் 70 விழுக்காடு வரையிலானவர்களுக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது.

பெயரே பலரைத் தவறான பக்கம் இழுக்கிறது. கட்டி என்றதும் அறுவை சிகிச்சை, புற்றுநோய் என்று பயந்துவிடுகிறார்கள். ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல. முதிர முடியாமல் பாதியில் நின்றுபோன சின்னஞ்சிறு முட்டைப் பைகள் அவை. 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் இந்த நிலையை விவரித்தபோது சினைப்பையின் தோற்றத்தை வைத்துப் பேசினார்கள். பெயரும் அந்தத் தோற்றத்திலேயே நின்றுவிட்டது. நோயின் வேர் பெரும்பாலும் வேறிடத்தில், இன்சுலினில் இருக்கிறது.

உடல் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகையான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்களிடம் அதிகமாக உள்ள டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்களைக் கூட்டுகிறது. முட்டை முதிர்வது தடைபடுகிறது, மோவாயிலும் மேலுதட்டிலும் முடி தடிக்கிறது, 25 வயதிலும் முகப்பரு நீங்குவதில்லை, உச்சந்தலையில் முடி மெலிகிறது. இன்னோர் அடையாளத்தை நம் வீடுகளில் தப்பாகவே புரிந்துகொள்கிறோம். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தாய்மார்கள் எலுமிச்சையும் பயற்றமாவும் போட்டுத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் போகாது. பெரும்பாலும் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம் அது.

மலேசிய இந்தியக் குடும்பங்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். 'இனிப்பு நீர்' இல்லாத வீடு எது என்று தேடிப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல், கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறும் வாய்ப்பும் கூடுதல். அப்பாவுக்கு இனிப்பு நீர், அம்மாவுக்கு இரத்த அழுத்தம், மகளுக்கு 17 வயதில் மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. குடும்பத்தில் ஓடும் அதே கோளாறு மகளிடம் முதலில் மாதவிடாய் வழியாக வெளிப்பட்டிருக்கலாம். 20 ஆண்டுக்கு முன்பே கிடைத்த எச்சரிக்கை என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

மெலிந்த பெண்களுக்கு இது வராது என்று எண்ண வேண்டாம். தெற்காசியர்களுக்கு எடை அதிகம் ஏறாமலேயே இன்சுலின் கோளாறு வரக்கூடும். அதனால்தான் மலேசியாவில் உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்று கணக்கிடுகிறார்கள். 2023-இல் வெளியான அனைத்துலக வழிகாட்டி, பிசிஓஎஸ் உறுதியான எல்லாப் பெண்களுக்கும், எடை எதுவாக இருந்தாலும், சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. அதையும் ஒருமுறையோடு விடாமல், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, சீனிக் கரைசல் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் எடுக்கும் சோதனையே இதற்குச் சிறந்தது.

இன்னோர் ஆபத்து கருப்பைக்குள் இருக்கிறது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகிறது, உதிர்வதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படித் தடித்தால் சில பெண்களுக்கு அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இளம் வயதில் அது அரிதுதான், பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று மாதம் மாதவிடாய் வராமல் இருப்பதை "தொல்லை இல்லை, நல்லதாகப் போயிற்று" என்று விட்டுவிட முடியாது.

திருமணமாகாத பெண்ணை அழைத்துப் போகப் பல தாய்மார்கள் தயங்குவது ஸ்கேனை நினைத்து. உள்ளே கருவி வைத்துப் பார்ப்பார்களோ என்ற பயம். பதின்ம வயதுப் பெண்களுக்கு பிசிஓஎஸ் கண்டறிய ஸ்கேன் தேவையே இல்லை. அந்த வயதில் சினைப்பையில் சிறு பைகள் நிறையத் தெரிவது இயல்பு என்பதால், ஸ்கேன் தப்பான முடிவைக் கூடத் தந்துவிடும். சுழற்சி ஒழுங்கின்மையும் ஆண் ஹார்மோன் மிகுதிக்கான அடையாளமும் இருந்தால், வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மருத்துவர் முடிவுக்கு வரலாம். ஸ்கேன் வேண்டியிருந்தாலும் அடிவயிற்றின் மேல் வைத்தே பார்க்க முடியும். அப்படிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சிகிச்சையைப் பொறுத்தவரை, எடை அதிகமுள்ளவர்கள் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவருவது சீராகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. மெட்ஃபோர்மின் மாத்திரை கொடுத்தால் "எனக்கு இனிப்பு நீரா?" என்று பதற வேண்டாம். இன்சுலின் வேலை செய்ய உதவுவதற்காகவும் அதைக் கொடுக்கிறார்கள். பிசிஓஎஸ் இருந்தால் பிள்ளையே பிறக்காது என்பதும் சரியல்ல. முட்டை எப்போது வரும் என்று தெரியாதே தவிர, வராது என்றில்லை. அதை நம்பிக் கருத்தடை இல்லாமல் இருந்து, எதிர்பாராமல் கருவுற்றவர்களும் உண்டு.

மாத்திரை காட்டும் 'ஒழுங்கு'

மாதவிடாயை ஒழுங்குபடுத்த மருத்துவர் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால் சில வீடுகளில் சண்டையே நடக்கும். கல்யாணமாகாத பெண்ணுக்கு இதையா கொடுப்பது என்பார்கள். அது உள்சவ்வு தடிக்காமல் காக்கும் மருந்து. அந்த வகையில் நல்லதுதான். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை எடுக்கும்போது மாதாமாதம் வரும் இரத்தப்போக்கு, மருந்தை நிறுத்தும் நாள்களில் வருவது. முட்டை உருவாகி வருவதல்ல. அதைப் பார்த்து ஹார்மோன் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிச் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஆண் ஹார்மோன் அளவைச் சோதித்தாலும் சரியான விடை கிடைக்காது.

தைப்பூசம், தீபாவளி, கல்யாணம், கோயில் திருவிழா என்றால் தள்ளிப்போடும் மாத்திரை தேடுவது நம்மிடையே சர்வசாதாரணம். பெரும்பாலும் அது நோரெதிஸ்டிரோன். எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்குவார்கள், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும். எப்போதாவது ஒருமுறை எடுப்பதால் ஹார்மோன் கெட்டுப்போவதில்லை. ஆனால் தோழி கொடுத்தாள், அக்காவிடம் மிச்சம் இருந்தது என்று வாங்கி விழுங்கும் மருந்தல்ல இது. காலில் அல்லது நுரையீரலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். வருடத்தில் நான்கைந்து முறை எடுக்கிறவர்களுக்குத் தங்கள் இயல்பான சுழற்சி எத்தனை நாள் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. மருத்துவரிடம் தேதி சொல்லும்போது மாத்திரை எடுத்த மாதங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'ஹார்மோனைச் சமப்படுத்தும்' பொடி என்று வாட்ஸ்அப்பில் விற்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துப் பொருளில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள். எள்ளுருண்டையும் வெந்தயமும் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் மாதவிடாய் ஏன் வரவில்லை என்பதை அவை சொல்லாது.

சினைப்பை அல்லாத காரணங்கள்

தைராய்டு குறைவாகச் சுரந்தால் இரத்தப்போக்கு அதிகமாகலாம், நாள் நீளலாம். கூடவே சோர்வு, மலச்சிக்கல், எடை ஏற்றம் இருக்கும். மிகையாகச் சுரந்தால் போக்கு குறைந்து, நாளும் தவறும். படபடப்பும் எடை இழப்பும் சேர்ந்து வரும். ஒரே ஒரு இரத்தச் சோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பிள்ளை பெறாதவருக்கோ, பால் நிறுத்தி வெகுநாளானவருக்கோ மார்பில் பால் கசிந்து, மாதவிடாயும் நின்றால் புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சோதிப்பார்கள். பிட்யூட்டரியில் ஏற்படும் சிறு வளர்ச்சி காரணமாக இருக்கலாம். தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்குவதும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், மனநலச் சிகிச்சையில் தரும் சில மருந்துகளும் இதே விளைவைத் தரும். அதற்காக மனநல மருந்தைத் தானாக நிறுத்திவிட வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி பார்ப்பார்.

பிரசவத்தில் கடுமையாக இரத்தம் போய், அதற்குப் பின் பாலும் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல், எப்போதும் களைப்பாகவே இருக்கும் தாய்மார்கள் சிலர் உண்டு. பிள்ளை பெற்ற அசதி என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இரத்தம் போதாமல் பிட்யூட்டரி பாதிக்கப்பட்டிருக்கலாம். அரிதானது, ஆனால் கேட்டால்தான் தெரியும்.

எஸ்.பி.எம். தேர்வு நேரத்தில் ஒரு மாதம் தவறுவது பலருக்கும் நேர்வது. ஆனால் உணவைக் குறைத்து எடையை வேகமாக இறக்கும் பெண்ணுக்கோ, கடும் பயிற்சியில் இருக்கும் விளையாட்டு வீராங்கனைக்கோ மூன்று மாதம் நின்றுபோனால், உடலில் போதிய சக்தி இல்லை என்று மூளை கட்டளையை நிறுத்திவிட்டது என்று பொருள். இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வலுவிழக்கும். எலும்பில் சத்துச் சேரும் வயதும் இதுதான். எடையைக் குறை என்று பிசிஓஎஸ் உள்ளவருக்குச் சொல்லும் அறிவுரையை இவருக்கும் சொன்னால் கெடுதலே நடக்கும். இருவருக்கும் அறிகுறி ஒன்றுதான், மாதவிடாய் வரவில்லை. காரணம் நேரெதிர். அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கேட்ட மருந்து நம் பெண்ணுக்குக் கேட்காமல் போவது இதனால்தான்.

அதிகப் போக்கு, 40-க்குப் பிறகு

ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒரு பேட் மாற்ற வேண்டியிருந்தால், 50 காசு நாணயத்தைவிடப் பெரிய இரத்தக் கட்டிகள் விழுந்தால் அது அதிகப் போக்கு. ஹார்மோன் மட்டுமல்ல, கருப்பையில் நார்க்கட்டி, இரத்தம் உறைவதில் பிறவிக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. 2019 தேசிய ஆய்வில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு இரத்தசோகை இருந்தது. மூச்சு வாங்குவதற்கும் முடி கொட்டுவதற்கும் காரணம் மாதாமாதம் போகும் இரத்தமாக இருக்கலாம்.

40-களில் சுழற்சி முதலில் குறுகி, பிறகு ஏழு நாளுக்கு மேல் முன்பின்னாகி, அப்புறம் 60 நாள் இடைவெளிகள் விழுவது மாதவிடாய் நிற்பதற்கான பாதை. சராசரியாக 50, 51 வயதில் நிற்கும். 40-க்கு முன்பே நின்றால் அதை இயல்பு என்று ஏற்கக்கூடாது. எலும்பையும் இதயத்தையும் காக்க ஹார்மோன் சிகிச்சை தேவைப்படலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. மாதவிடாய் நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதே வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். "சூடு பிடித்திருக்கும்" என்று இளநீர் குடித்துக் காத்திருக்கும் அத்தைகளும் பாட்டிகளும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

போகும்போது கடைசி ஆறு மாதத்தின் தொடக்கத் தேதிகள், எத்தனை நாள் இருந்தது, ஒரு நாளுக்கு எத்தனை பேட், என்னென்ன மருந்து எடுக்கிறார், குடும்பத்தில் யாருக்கு இனிப்பு நீர், யாருக்குத் தைராய்டு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். செயலியில் குறித்து வைத்திருந்தாலும் போதும். ஆனால் அது முன்கூட்டிச் சொல்லும் முட்டை வெளிவரும் நாளை, சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள் நம்ப வேண்டாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று முகப்பிலேயே கேட்கலாம். மகளோடு போகும் அம்மா, கேள்விகளுக்கு மகளையே பதில் சொல்லவிட்டு, சில நிமிடம் அவள் மருத்துவரோடு தனியாகப் பேச வெளியே காத்திருப்பதும் உதவும்.